நகராத வண்டி

"கேரவன்" என்ற சொல்லைக் கேட்டால் இன்று நம்மில் யாருக்கும் சினிமாப் படப்பிடிப்புத்தான் ஞாபகம் வரும். நட்சத்திரம் உள்ளே இருப்பார். வெளியே நாலு பேர் குடை பிடித்தபடி காத்திருப்பார்கள். அந்தக் கேரவனைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அதன் படியில்கூட நான் கால் வைத்ததில்லை. நான் சொல்லப்போவது வேறு கேரவன். இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், வெஸ்ட்மோர்லாந்து என்ற மலைநாட்டில், மரக்கூட்டத்துக்குள் பதுங்கிக்கொண்டு, சக்கரம் இருந்தும் நகராமல் நிற்கிறதே, அந்தக் கேரவன்.

சொல்லின் கதையிலிருந்தே ஆரம்பிக்கலாம். பாரசீகத்தில் "கார்வான்" என்றால், பாலைவனத்தில் கூட்டமாகச் செல்லும் வியாபாரிகள். பழந்தமிழில் இதையே "சாத்து" என்றார்கள். கோவலனின் தகப்பனார் மாசாத்துவான் என்றால், பெரிய வணிகச் சாத்துக்குத் தலைவர் என்றுதான் அர்த்தம். பாரசீகச் சொல் ஐரோப்பா வழியாக இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒட்டகமும் இல்லை, பாலைவனமும் இல்லை. ஆகவே கூட்டத்தைக் குறித்த சொல், கூரை போட்ட ஒற்றை வண்டியைக் குறிக்கலாயிற்று. பிறகு அதன் தலையையும் வெட்டி, வாலை மட்டும் வைத்துக்கொண்டு "வேன்" என்றார்கள். நம் தெருவில் காலையில் குழந்தைகளை அடைத்துக்கொண்டு போகிற பள்ளிக்கூட வேன், அந்த ஒட்டகக் கூட்டத்தின் நேர் வாரிசு!

சில வருஷங்களுக்கு முன், ஜூன் மாதத் தொடக்கத்தில், அப்படி ஒரு கேரவனில் ஓர் இரவு விருந்தாளியாகத் தங்கினேன். என் தம்பி பிரெஸ்டன் நகரத்தில் வேலையாக இருக்கிறான். அவனுடைய பக்கத்து வீட்டுப் பெரியவர் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "புத்தகம் எழுதுகிற உங்கள் அண்ணனை எங்கள் கேரவனுக்கு அழைத்துப் போகிறோம். அங்கே சத்தமே இருக்காது" என்று அவரும் அவர் மனைவியும் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார்கள்.

சத்தம் இருக்காது என்று அவர் சொன்னது முழு உண்மை அல்ல. இரவு முழுவதும் தகரக் கூரையில் மழை பெய்தது. இங்கிலாந்தில் ஜனங்கள் வசிக்கிற இடங்களிலேயே அதிக மழை பெய்வது அந்தப் பக்கத்து மலைகளில் இருக்கும் சீத்வெயிட் என்ற கிராமத்தில்தான். 2015 டிசம்பர் 5-ஆம் தேதி, ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் மழை கொட்டி, பிரிட்டிஷ் சரித்திரத்தில் இடம் பிடித்தது. நான் தங்கிய இரவில் அவ்வளவு இல்லை. ஆனாலும் தகரத்தின் கீழே படுத்திருப்பவனுக்கு, தன் தலைக்கு மட்டும் தனியாக ஒரு மேகம் ஒதுக்கப்பட்டிருப்பது போலத் தோன்றும்.

காலையில் மழை விட்டது. வெளியே வந்து பார்த்தேன். நீளமான பச்சைப் பெட்டி. உள்ளே இரண்டு படுக்கை அறை, ஒரு கூடம், காஸ் அடுப்பு, குளிக்கிற இடம் எல்லாம் அடக்கம். ஜன்னலுக்கு அப்பால் ஓடை. ஓடைக்கு அப்பால் கல் சுவர்களுக்கு நடுவே ஆடுகள். அதற்கும் மேலே மலை. ஆனால் வண்டி என்பதற்கு அடையாளமான சக்கரத்தை மட்டும் காணோம்.

"சக்கரம் எங்கே?" என்று கேட்டேன்.

பெரியவர் முழங்காலிட்டுக் குனிந்து, கீழே மறைத்திருந்த பலகை ஒன்றை அகற்றிக் காட்டினார். பெட்டியின் கனம் முழுவதையும் சிமெண்டுக் கட்டைகள் தாங்கின. நடுவில் சின்னதாக இரண்டு சக்கரங்கள், காற்று இறங்கிப்போய் இருந்தன.

"ஓடாத வண்டிக்குச் சக்கரம் எதற்கு?"

"சட்டத்துக்கு" என்றார் பெரியவர், எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே.

அந்த ஒரு வார்த்தைதான் என்னை இந்தச் சரித்திரத்துக்குள் இழுத்துவிட்டது.

*

உல்லாசத்துக்காக ஒரு கேரவனைச் செய்யச் சொல்லி அதில் ஊர் சுற்றியவர்களில் முன்னோடி வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். கடற்படையில் டாக்டராக இருந்தவர். சிறுவர்களுக்கு வீர சாகசக் கதைகளை ஏராளமாக எழுதிக் குவித்தவர். பிரிஸ்டலில் ரயில் பெட்டி செய்கிற கம்பெனி ஒன்று அவருக்கு வண்டி கட்டிக் கொடுத்தது. ஏறக்குறைய இரண்டு டன் கனம். உள்ளே அலங்கார மரவேலை, புத்தக அலமாரி. வண்டிக்கு அவர் வைத்த பெயர் "வாண்டரர்", அதாவது நாடோடி. 1885-ஆம் வருஷம் கோடையில் இரண்டு குதிரைகளைப் பூட்டிக்கொண்டு, வண்டிக்காரர், வேலைக்காரர், ஒரு நாய், ஒரு கிளி சகிதமாகப் புறப்பட்டார். வேலைக்காரர் மூன்று சக்கரச் சைக்கிளில் முன்னே போய், எதிரே வருகிறவர்களை எச்சரிக்க வேண்டும். இங்கிலாந்தின் தெற்கேயிருந்து ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் வரைக்கும், ஏறக்குறைய 1,300 மைல்! மறு வருஷம் அதைப் புத்தகமாகவும் எழுதி வெளியிட்டார். எழுத்தாளன் எங்கே போனாலும் திரும்பி வந்து பிறரைச் சும்மா விடுவதில்லை.

ஸ்டேபிள்ஸை ஜனங்கள் "கனவான் ஜிப்ஸி" என்று செல்லமாக அழைத்தார்கள். இந்தப் பட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். கனவான் ஜிப்ஸி ஒருவர் இருக்கிறார் என்றால், கனவான் அல்லாத ஜிப்ஸிகளும் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? அவர்கள் யார்?

ரோமானி மக்கள் ஏறக்குறைய நானூறு வருஷங்களாக அந்தச் சாலைகளில் பிரயாணம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று இங்கிலீஷ்காரர்கள் தவறாக நினைத்தார்கள். "ஈஜிப்ஷியன்" என்பது தேய்ந்து "ஜிப்ஸி" ஆயிற்று. 1530-ல் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம், அவர்கள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்றது. 1554-ல் வந்த சட்டம், போகாவிட்டால் மரண தண்டனை என்றது. இத்தகைய மரண தண்டனைச் சட்டங்களில் ஒன்று புத்தகத்திலிருந்து நீங்கியது 1783-ல். விசித்திரம் என்னவென்றால், அதே 1783-ல்தான் கிரெல்மன் என்ற ஜெர்மன் அறிஞர், இவர்களுடைய பாஷை இந்தியாவிலிருந்து வந்தது என்று விளக்கிப் புத்தகம் வெளியிட்டார். தண்ணீருக்கு அவர்கள் சொல்வது "பானி". இரண்டுக்கு "தூய்". ஐந்துக்கு ஏறக்குறைய "பாஞ்ச்". சட்டம் துரத்தியது ஈஜிப்ஷியர்களை. துரத்தப்பட்டவர்களோ, எத்தனையோ தலைமுறைக்கு முன் நம் நாட்டின் வடபாகத்திலிருந்து நடந்து போனவர்கள்.

ஸ்டேபிள்ஸ் கிளியும் நாயுமாகப் பவனி வந்த அதே 1880-களில், கோல்வில் ஜார்ஜ் ஸ்மித் என்ற சீர்திருத்தக்காரர் பார்லிமெண்டில் வேறொரு யோசனையை வலியுறுத்திக்கொண்டிருந்தார். வண்டியில் வசிக்கிறவர்களின் வண்டிகளைப் பதிவு செய்ய வேண்டும். அதிகாரிகள் உள்ளே நுழைந்து சோதனை போட வேண்டும். குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக் கட்டாயப்படுத்த வேண்டும். ஸ்மித் கெட்ட எண்ணம் உள்ளவர் அல்ல; கால்வாய்ப் படகுகளில் வளர்ந்த குழந்தைகளுக்காக நல்ல சட்டங்கள் வரக் காரணமாக இருந்தவர். ஆனால் இந்த மசோதா தங்கள் பிழைப்பையே கெடுத்துவிடும் என்று பயந்து, சந்தைகளில் வேடிக்கை காட்டுகிறவர்கள் 1889-ல் சங்கம் சேர்ந்து எதிர்த்தார்கள். மசோதா நிறைவேறவில்லை. கனவான் வண்டியில் வசித்தால் அது இயற்கை ரசனை. ஏழை வண்டியில் வசித்தால் அது பிரச்னை! இந்தப் பாகுபாடு மட்டும் அன்றே நிறைவேறிவிட்டது.

*

1907-ல் கேரவன் கிளப் ஏற்பட்டது. ஸ்டேபிள்ஸ் அதற்கு உபதலைவர். மறு வருஷம், 1908-ல், கென்னத் கிரஹாம் ஒரு குழந்தைக் கதை எழுதினார். அதில் பணக்காரத் தேரை ஒன்று, மஞ்சள் வர்ணம் பூசிய ஜிப்ஸி வண்டி வாங்கிக்கொண்டு சிநேகிதர்களுடன் கிளம்புகிறது. எதிரே மோட்டார் கார் ஒன்று சீறிக்கொண்டு வர, குதிரை மிரண்டு, வண்டி பள்ளத்தில் விழுந்து நொறுங்குகிறது. தேரையார் வருத்தப்படவில்லை. அந்தக் கணமே மோட்டார் மீது மோகம் கொண்டுவிடுகிறார். கதாசிரியர்கள் சில சமயம் தங்களை அறியாமலே ஜோசியம் சொல்லிவிடுகிறார்கள். கதையில் வண்டியைக் கவிழ்த்த மோட்டாரே, நிஜத்தில் அதை இழுக்கவும் வந்தது. முதல் உலகப் போர் முடிந்தபின், 1919-ல், பர்மிங்ஹாமில் எக்லிஸ் என்ற கம்பெனி காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் கேரவன்களைச் செய்து விற்கத் தொடங்கியது.

அப்போதும் அது கார் வைத்திருப்பவர்களின் விளையாட்டுத்தான். தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை உண்டு என்று சட்டம் வந்தது 1938-ல். அதை அனுபவிப்பதற்குள் இரண்டாவது யுத்தம் வந்துவிட்டது. யுத்தம் முடிந்ததும் வீட்டுப் பஞ்சம். ஊருக்கு வெளியே சேற்றில் நிற்கிற கேரவன்களில் புது மணத் தம்பதிகள் குடித்தனம் நடத்தினார்கள். கடற்கரைகளிலும் ஏரிக்கரைகளிலும் விவசாயிகள் கேரவன்களுக்கு நிலத்தை வாடகைக்கு விட்டார்கள். இதையெல்லாம் ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவரத்தான் 1960-ஆம் வருஷத்துக் கேரவன் சட்டம் பிறந்தது. கேரவன் நிறுத்துகிற நிலத்துக்கு லைசென்ஸ் வேண்டும். இத்தனை இடைவெளி, இத்தனை தண்ணீர்க் குழாய், தீயணைக்க இன்ன வசதி என்று விதிகள் வந்தன.

அந்தச் சட்டத்தில்தான் கேரவன் என்றால் என்ன என்பதற்கு இலக்கணமும் இருக்கிறது. மனிதர் வசிக்கத் தக்கதாக இருக்க வேண்டும். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தக் கூடியதாக இருக்க வேண்டும். கவனியுங்கள்: நகர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, நகர்த்த முடிந்தால் போதும். இழுத்தாலும் சரி, லாரியில் தூக்கி வைத்தாலும் சரி. நகர்த்தவே முடியாது என்றால் அது வீடு. வீடு என்றால் கட்டட அனுமதி, அது இது என்று வேறு உலகம். ஆகவே பெரியவரின் பெட்டி நகராமல் நிற்பதற்கு இருக்கும் உரிமை, அதனால் நகர முடியும் என்பதில்தான் அடங்கியிருக்கிறது. வேதாந்திகள் இதைக் கேட்டால் மகிழ்ந்து போவார்கள்.

*

வெஸ்ட்மோர்லாந்துக்கு இந்த வண்டிகள் வந்ததும் ஒரு பழைய சண்டையின் தொடர்ச்சிதான். ஏரிகளும் மலைகளும் நிறைந்த அந்தப் பிரதேசத்தை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர் மகாகவி வேர்ட்ஸ்வொர்த். ரசிக்கத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் இதில் பங்கு உண்டு, இது தேசத்தின் பொதுச் சொத்து மாதிரி என்ற கருத்தைத் தம் வழிகாட்டிப் புத்தகத்தில் எழுதியவரும் அவரே. ஆனால் 1844-ல் விண்டர்மியர் ஏரிக்கு ரயில் போடப் போகிறார்கள் என்றதும், பத்திரிகைக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதினார். ஆலைத் தொழிலாளிகளைக் கும்பல் கும்பலாக ரயிலில் கொண்டுவந்து இறக்கினால், அவர்களுக்கும் பிரயோஜனம் இல்லை, இடமும் கெட்டுவிடும் என்பது அவர் வாதம். ரயில் நிற்கவில்லை, 1847-ல் வந்தே விட்டது. பிறகு 1951-ல் ஏரிப் பிரதேசம் தேசியப் பூங்கா ஆயிற்று. 1970-ல் பெரிய மோட்டார் சாலை வெஸ்ட்மோர்லாந்தின் கணவாய் வழியாகத் திறந்தது. லங்காஷயர் ஆலை நகரங்களிலிருந்து ஏரிகளுக்கு வருவது கை நீட்டும் தூரமாகிவிட்டது. கவிஞர் யாரைக் கண்டு பயந்தாரோ, அவர்களுடைய பேரப் பிள்ளைகள் காரில் வந்து, ஆளுக்கு ஒரு கேரவன் வாங்கிப் போட்டார்கள்.

ஆனால் கேரவன் கண்ணில் படக்கூடாது! மலையழகைக் காப்பாற்ற வேண்டிய அதிகாரிகள், மரம் வளர்த்து மறை, கண்ணை உறுத்தாத வர்ணம் பூசு என்றெல்லாம் நிபந்தனை போடுகிறார்கள். இதை அறிந்தபோது எனக்கு பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையாரின் ஞாபகம் வந்தது. முயல் குட்டிக் கதைகளால் பிரபலமான இவர் ஏரிப் பிரதேசத்திலேயே பண்ணை வாங்கிக் குடியேறியவர். 1943-ல் காலமானபோது சுமார் 4,000 ஏக்கர் நிலத்தைப் பொது அறக்கட்டளைக்கு எழுதி வைத்தவர். 1929-ல் அவர் எழுதிய கதை ஒன்றில் மிருகங்கள் ஒரு கேரவன் சர்க்கஸ் நடத்துகின்றன. மனிதர்களின் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க, அவை மந்திரச் சக்தியுள்ள பெரணி விதையை வைத்திருக்கின்றன. திட்ட அதிகாரிகளும் அந்த விதையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள் போலும்!

*

இதுவரை சிரித்தோம். இனிச் சொல்லப்போவது அவ்வளவு சிரிப்புக்கு உரியது அல்ல.

1960-ஆம் வருஷத்துச் சட்டம் விடுமுறைக் கேரவன்களுக்கு இடம் தந்தது. அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு, ஊர்ப் பொது நிலங்களில் கேரவன் நிறுத்தக் கூடாது என்று உத்தரவு போட உள்ளூர் மன்றங்களுக்கு அதிகாரம் தந்தது. அந்தப் பொது நிலங்கள்தான் தலைமுறை தலைமுறையாக ஜிப்ஸிகள் குதிரையை அவிழ்த்துவிட்டுத் தீ மூட்டிய இடங்கள். தனியார் நிலத்துக்கோ லைசென்ஸ் வேண்டும். போக்கிடம் இல்லாமல் தவித்தார்கள். எரிக் லுபாக் என்ற லிபரல் அங்கத்தினரின் முயற்சியால் 1968-ல் புதுச் சட்டம் வந்து, அவர்களுக்கு இடம் ஒதுக்குவது உள்ளூர் ஆட்சிகளின் கடமை என்றது. 1994-ல் அந்தக் கடமையும் நீக்கப்பட்டது.

வெஸ்ட்மோர்லாந்தில் ஆப்பிள்பி என்ற சிற்றூர் இருக்கிறது. ஜூன் தொடக்கத்தில் அங்கே குதிரைச் சந்தை. நாடெங்கும் இருந்து ஜிப்ஸிகளும் பிற நாடோடிக் குடும்பங்களும் வந்து கூடி, ஈடன் ஆற்றில் குதிரைகளைக் குளிப்பாட்டுவார்கள். நாங்கள் போன வழியிலும் வளைந்த கூரை போட்ட பச்சை வண்டி ஒன்று குதிரை பூட்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் பதினைந்து கார்கள் வரிசை. வண்டியின் பின்புறம் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த சிறுமி, எங்களைப் பார்த்து இராணி மாதிரி கையை அசைத்தாள்.

"வருஷா வருஷம் இவர்களால் இந்தத் தொல்லை" என்று பெரியவர் ஸ்டியரிங்கைத் தட்டினார். "ஓர் இடத்தில் நிலையாக இருக்கத் தெரியாத ஜனங்கள்!"

அவர் மனைவி ஒன்றும் சொல்லவில்லை.

காரணம் மறுநாள் காலையில் தெரிந்தது. அது அவர்கள் கேரவனில் கழிக்கிற கடைசிக் கோடை. கோயில் அடிமனையில் வீடு கட்டிக் குடியிருக்கிற நம்மவர்களுக்கு விஷயம் உடனே புரியும்: வீடு தன்னுடையது, மண் பிறருடையது. கேரவனை விலை கொடுத்து வாங்கியவர் பெரியவர், நிலம் கம்பெனியுடையது. வருஷா வருஷம் அடிமனை வாடகை. அது ஏறிக்கொண்டே போகும். குளிர்காலத்தில் சில வாரங்கள் வாசலைப் பூட்டிவிடுவார்கள். அதையே நிரந்தர வீடாக்கிக்கொள்ளக் கூடாது அல்லவா? தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்காமல் இருக்க, இலையுதிர் காலத்தில் குழாய்களிலுள்ள நீரை முழுவதும் வடித்துவிட்டுப் போக வேண்டும். நிரந்தரமாகக் கேரவனில் குடியிருப்போருக்கு 1983-ஆம் வருஷத்துச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு அது கிடையாது. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே வேதம். பெரியவரின் ஒப்பந்தம் பதினைந்து வருஷம். கெடு முடிகிறது. பழைய கேரவனை எடுத்துக்கொண்டு போக வேண்டும், அல்லது புதிது வாங்க வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. புதிது வாங்க அவரிடம் பணம் இல்லை.

"எடுத்துக்கொண்டு எங்கே போவது?" என்றார் அவர். "வேறு எந்த இடத்திலும் இவ்வளவு பழசைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். உடைத்துப் பழைய இரும்புக்குத்தான் போடவேண்டும். பேரக் குழந்தைகள் மூன்று பேரும் இந்த ஓடையில்தான் கால் நனைக்கக் கற்றுக்கொண்டார்கள்."

அப்போது அந்த அம்மாள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "நேற்று அந்தப் பெண் கை அசைத்ததே, பார்த்தீர்களா? அவளுக்காவது சக்கரம் சுற்றுகிறது."

பெரியவர் பதில் சொல்லவில்லை. வெளியே போய், காலையில் அகற்றிய பலகையை மறுபடியும் அதன் இடத்தில் பொருத்தினார். காற்று இறங்கிய இரண்டு சக்கரங்களும் மறைந்தன.

ரோமானி மக்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. வண்டியின் சொந்தக்காரர் இறந்துபோனால், அந்த வண்டியையும் எரித்துவிடுவார்கள். பிள்ளைகளுக்கு மிச்சம் வைப்பதில்லை. முதலில் படித்தபோது, எவ்வளவு வீண் நஷ்டம் என்று எனக்குத் தோன்றியது. அந்தக் காலை வேளைக்குப் பிறகு அப்படித் தோன்றவில்லை. தன் வீடு தன்னோடு போகட்டும் என்று சொல்வதற்குக்கூட ஒருவனுக்கு அது முழுக்கத் தன்னுடையதாக இருக்க வேண்டும்.

1974-ல் வெஸ்ட்மோர்லாந்தை கம்ப்ரியாவோடு இணைத்து, பெயரையே தேசப்படத்திலிருந்து எடுத்தார்கள். 2023-ல் புது மாவட்ட ஆட்சியின் பெயரில் அது திரும்பி வந்துவிட்டது. நாட்டின் பெயர்கூட ஐம்பது வருஷத்துக்கு ஒரு தடவை நகர்ந்து கொடுக்கிறது. பிரெஸ்டனிலிருந்து தம்பி எழுதுகிறான்: பெரியவர் இப்போது வீட்டுத் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாராம். கொட்டகையில் புதிதாக ஒரு தகரக் கூரை போட்டிருக்கிறாராம். மழை வந்தால் மனைவியையும் அழைத்துக்கொண்டு அதன் கீழே போய் உட்கார்ந்துகொள்கிறாராம்.